டயருக்குப் பின்னால் வெள்ளை மண்

— மேல தண்ணிய ஊத்திட்டா கழுவினதா ஆயிடுமாப்பா? டயருக்குப் பின்னாடி தொங்குதே இந்த ரப்பர், இதைக் கழட்டினாத்தான் உள்ள அடைஞ்சிருக்கிற சேறு வரும்.

— மட் ஃப்ளாப்பா? அதெல்லாம் ஒண்ணும் இருக்காதும்மா. விடு.

— துரு முதல்ல பிடிக்கிறதே அங்கதான்னு எனக்குச் சொன்னவரே நீங்கதான்.

— எப்பவோ சொன்னேன். இப்ப சொல்றேன், விடு. நான் காலைலயே நல்லாக் கழுவிட்டேன்.

— ஒரு மாசமா ஓடாத வண்டிய எதுக்குக் காலைல எழுந்து கழுவினீங்க?

— இன்னிக்கு நீ எடுத்துட்டுப் போகப்போறியே. அழுக்கா எப்படிக் கொடுக்கிறது? ஆமா, மாப்பிள்ளை ஏன் வரல?

— ஆபீஸ்ல கணக்கு முடிக்கிறாங்களாம், ஞாயித்துக்கிழமைகூட லீவு இல்ல. என்னை பஸ் ஸ்டாண்டுல இறக்கி விட்டுட்டு அப்படியே போயிட்டார். நகருங்க, ஸ்டியரிங்கைத் திருப்பி வச்சிட்டேன், இப்ப கை உள்ள போகும். ஸ்க்ரூ டிரைவரைக் கொடுங்க.

— நான் பண்றேன். நீ பக்கெட்டைப் பிடி.

— சரி, பண்ணுங்க.

— ம்.

— அப்பா.

— இரும்மா, துரு ஏறியிருக்கு, கொஞ்சம் எண்ணெய் விட்டா...

— ஸ்க்ரூ இங்க இருக்குப்பா. நீங்க நாலு விரல் தள்ளி வெறும் ரப்பரைக் குத்திட்டிருக்கீங்க.

— வெளிச்சம் சரியில்ல.

— மொட்டை வெயில் அடிக்குது! இதுக்குத்தானே டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டார்? இடது கண்ணு போயிடுச்சு, வலது கண்ணு பாதிதான், இனிமே ஸ்டியரிங்கைத் தொடக்கூடாதுன்னு. இப்படிக் கொடுங்க.

— வண்டிய நீ எடுத்துட்டுப் போறதெல்லாம் சரி. மாப்பிள்ளைக்கே ஒண்ணு இருக்கே. உங்க வாசல்ல ரெண்டு வண்டி நிறுத்த இடம் ஏது?

— இருக்கு. பார்த்துக்கலாம்.

— ஒண்ணு நிறுத்தவே இடிச்சுக்கிட்டு நின்னோமே அன்னிக்கு.

— அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா, நிக்கும். இங்க இருந்தா நீங்க எடுத்து ஓட்டுவீங்க, அதான் எனக்குப் பயம். மூணாவது ஸ்க்ரூவும் வந்துடுச்சு. பிடிங்க, கொஞ்சம் இழுக்கிறேன்... ஐயே! இவ்வளவு சேறா? பொத்துன்னு கால்லயே விழுது!

— பழைய சேறும்மா. பிரஷ்ஷைக் கொண்டா, நான் தள்ளி விட்டுடறேன்.

— பழைய சேறுன்னா காஞ்சு கல்லா இருக்கும். இது பிசைஞ்ச மாவாட்டம் இருக்கு.

— காலைல கழுவின தண்ணி ஊறியிருக்கும்.

— தண்ணி ஊறும், சரி. நிறம் மாறுமா? இங்க எல்லாம் கறுப்பு மண்ணு. இது வெள்ளையா இருக்கே.

— பாப்பா, தண்ணிய ஊத்து. நேரம் ஆகுது.

— இருங்க. இதை எனக்குத் தெரியும். எங்க தெருவுல பைப் புதைக்கிறேன்னு புதன்கிழமை தோண்டிப் போட்டாங்க. அடியில இருந்து இதே மண்ணு. செருப்புல ஒட்டினா கத்தியால சுரண்டணும். அப்பா... இது எப்படி இங்க வந்துச்சு?

— பக்கெட்டைத் தள்ளும்மா, நான் கழுவி விட்டுடறேன்.

— சாவிய நான் என் கையால அலமாரில வச்சுப் பூட்டினேன்.

— இன்னொரு சாவி இருக்கு.

— அடப் பாவி அப்பா! பதினாலு கிலோமீட்டர்! லாரி போற ரோடு! யார் மேலயாவது ஏத்தியிருந்தா என்ன பண்ணுவீங்க?

— விடியக்காலைல ஆள் நடமாட்டம் இருக்காதும்மா. இருபதுக்கு மேல போகவே இல்ல. பின்னாடி வந்தவன் எல்லாம் என்னைத் திட்டிட்டேதான் தாண்டிப் போனான்.

— சிரிப்பு வரலை எனக்கு. எத்தனை தடவை போனீங்க?

— தினமும்.

— தினமுமா? எதுக்கு? வந்தா வீட்டுக்குள்ள வர வேண்டியதுதானே?

— வந்தா நீ டீ போட்டுக் கொடுப்பே. நல்லா இருக்கேன்பான்னு சொல்லுவே. நானும் சரிம்மான்னுட்டுத் திரும்பி வரணும். அதான் தெருமுனையிலேயே நிறுத்திக்குவேன். உங்க அடுப்படியில லைட் எரியும். எரிஞ்சா, சரி, பொண்ணு எழுந்துட்டான்னு கிளம்பிடுவேன்.

— லைட்டைப் பார்க்கவா உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தீங்க? ஒரு போன் பண்ணினா நான் சொல்ல மாட்டேனா?

— போன்ல நீ நல்லா இருக்கேன்னு சொன்ன விதம்தான் எனக்குச் சரியாப் படல. திருப்பிக் கேட்கவும் பயமா இருந்துச்சு. கேட்டு, நீ சொல்லிட்டா, அதுக்கப்புறம் நான் என்ன பண்ண முடியும்? ஒண்ணும் பண்ணத் தெரியாம வண்டிய எடுத்துட்டு வந்து நின்னேன்.

— சொல்றதுக்கு ஒண்ணும் இல்லப்பா. அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நீங்களா எதையோ நினைச்சுக்கிட்டு... அந்தச் சாவியையும் கொடுங்க. இன்னிக்கே. கொடுங்கன்னா!

— இந்தா, எடுத்துக்க. அழாதே. கையெல்லாம் சேறு, கண்ணைத் துடைக்காதே.

— நான் அழல. இனிமே வர மாட்டேன்னு சொல்லுங்க.

— வரல. இன்னிக்குத்தான் கடைசி.

— இன்னிக்கா? இன்னிக்குமா வந்தீங்க?

— ஆமாம்மா. உள்ள வச்சிருக்கியே, அந்தப் பெரிய பையைத் தூக்கிக்கிட்டு நீ தனியா நடந்து போனே. கூப்பிட வாய் வரலை. நீ பஸ் ஸ்டாண்டுல போய் உட்கார்ற வரைக்கும் பின்னாடியேதான் வந்தேன். மாப்பிள்ளை வண்டி மூணு வாரமா உங்க வாசல்ல இல்லையேம்மா.