வாரத்துக்கு மூன்று கிராம்

வெடிப்பு விட்ட மரம் என்றால் எனக்கு ஒரு தனிப் பிரியம். மற்றவர்கள் அடுப்புக்கு ஒதுக்குவதை நான் பட்டறைக்குத் தூக்கி வருவேன். உங்கள் மேசையில் குண்டூசி போட்டு வைத்திருக்கிறீர்களே, அந்தக் கிண்ணம்கூட நல்ல மரம்தான். ஆனால் கடைந்தவன் விளிம்பில் இருந்த வெடிப்பில் மெழுகை அப்பி மறைத்திருக்கிறான். நான் அப்படிச் செய்ய மாட்டேன். வெடிப்பைச் சுத்தம் செய்து, அதில் விலை அதிகமான நீல நிறக் கல்லை இடித்துப் போட்டு, நாலு பேர் பார்க்கும்படி வைப்பேன். ஒளிவு மறைவு எனக்கு ஆகாது. நீங்கள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்ததே அதனால்தான்.

என் மச்சினன் எப்படிச் செத்தான் என்றுதானே கேட்கிறீர்கள். சொல்கிறேன். வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் அது விளங்கும்.

கிண்ணத்தை லேத்தில் கடைந்து முடித்ததும் வெடிப்பைக் கூரான கம்பியால் சுரண்டி எடுப்பேன். அடியில் பெரிய துகள், அதற்கு மேல் நடுத்தரம், கடைசியில் இண்டு இடுக்கெல்லாம் அடையும்படி நைசான பொடி. பட்டறையில் இந்த மூன்றுக்கும் பெயர் கடுகு, மணல், மாவு. மேலே பசையை இரண்டு சொட்டு விட்டால் உடனே இறுகிவிடும். பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மெருகேற்றினால் மரத்துக்குள் நீலமாக ஒரு கோடு ஓடும். விரலால் தடவினால் மரம் எங்கே முடிகிறது, கல் எங்கே தொடங்குகிறது என்று தெரியக்கூடாது. எல்லாம் மாவு கையில்தான் இருக்கிறது.

அந்த மாவை இடித்துக் கொடுத்தவன் என் மனைவியின் தம்பி. நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, எங்கள் வீட்டு மாடியில்தான் இருந்தான். இரும்பு உரலில் கல்லைப் போட்டு இடிப்பான், மூன்று சல்லடையில் சலிப்பான். அந்தப் பதம் வேறு யாருக்கும் வரவில்லை, அதை நான் மறுக்கவே மாட்டேன். வாயில் எந்நேரமும் சீட்டி. காலையில் ஒரு பாட்டைப் பிடித்தால் மத்தியானம் வரை அதையே இழுப்பான், அதுவும் நடுவில் மூச்சு வாங்காமல். சமையலறையில் என் மனைவி சிரிப்பது கேட்கும். உரலுக்கு முன்னால் உட்கார்ந்து ஊதினால் மாவு பறக்கும் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். சாதுவான ஆள், ஆனால் அந்த விஷயத்தில் மட்டும் பிடிவாதம்.

நான் எதையும் நிறுத்துப் பார்க்கிறவன். திங்கட்கிழமை கல்லை நிறுத்துக் கொடுப்பேன். சனிக்கிழமை மூன்று டப்பாவையும் நிறுப்பேன். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. வாரம் தவறாமல் ஒன்பது பத்து கிராம் குறைந்தது. தராசு மேல் சந்தேகப்பட்டு வேறு தராசு வாங்கினேன். அதுவும் அதையே சொன்னது.

முதலில் நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. நியாயமாகத்தான் போனேன். பட்டறைச் சுவரில் ஒரு காற்றாடி இருந்தது, தூசியை வெளியே தள்ளுவது. வெளிப்பக்கம் போய்ப் பார்த்தால் சுவரெல்லாம் இளநீலம். என் கல் தெருவுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தது. காற்றாடியைக் கழற்றிவிட்டு ஓட்டையைப் பலகையால் அடைத்தேன். இரண்டு ஜன்னலையும் ஆணி அடித்து மூடினேன். குறைவது ஆறு கிராமாக இறங்கியது. வழி சரிதான் என்று தெரிந்துவிட்டது.

அடுத்து முகமூடி. மூக்கையும் வாயையும் மூடுகிற, வடிகட்டி வைத்த முகமூடி ஒன்று அவனிடம் இருந்தது. சீட்டி அடிக்கும்போது கழுத்துக்கு இறக்கிவிடுவான், இடிக்கும்போது போட்டுக்கொள்வான். ஒருநாள் அதைப் பிரித்துப் பார்த்தேன். வடிகட்டி முழுக்க நீலம். தினமும் சாயங்காலம் அந்த முகமூடி அவனோடு மாடிக்குப் போய்க்கொண்டிருந்தது. அவன் வேண்டுமென்றே செய்தான் என்று அப்போதும் நான் சொல்லவில்லை. வடிகட்டியை ஒரு தாளில் தட்டினேன், ஒரு சிட்டிகை கிடைத்தது. முகமூடியை வாங்கி வைத்துக்கொண்டேன்.

"மாமா, அது இல்லாம முடியாது. தொண்டையெல்லாம் கரகரங்குது."

"சீட்டி அடிக்கிறவனுக்குத் தொண்டை கரகரக்கத்தான் செய்யும்."

முகமூடி சும்மா கிடப்பானேன் என்று நான் போட்டுக்கொண்டேன். எனக்கு அது கச்சிதமாக இருந்தது.

அவன் துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டான். ஈரத்துணியில் மாவு ஒட்டினால் திரும்பி வராது. துண்டும் போயிற்று. வேலை முடிந்ததும் சட்டையைக் கழற்றி விரிப்பில் உதறிவிட்டுப் போகச் சொன்னேன். தலைமுடியை ஒட்ட வெட்டச் சொன்னேன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து காட்டச் சொன்னேன். எதற்கும் முகம் சுளிக்கவில்லை. அதுவே எனக்கு உறுத்தியது. தப்பு செய்யாதவனாக இருந்தால் நாலு வார்த்தை எதிர்த்துப் பேசியிருப்பானே?

இவ்வளவுக்குப் பிறகும் வாரத்துக்கு மூன்று கிராம் குறைந்தது. அதற்குக் கீழே இறங்கவே இல்லை. நீங்களே யோசித்துப் பாருங்கள். காற்று வெளியே போக வழியில்லை, துணி போகவில்லை, டப்பா போகவில்லை. பட்டறையிலிருந்து தினமும் வெளியே போனது அவன் ஒருவன்தான். ஆறு வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். எப்படி எடுக்கிறான் என்று மட்டும் பிடிபடவில்லை.

இருமல் எப்போது தொடங்கியது என்று எனக்கு நினைவில்லை. சீட்டி குறைந்தது நினைவிருக்கிறது. முதலில் பாட்டைப் பாதிப் பாதியாகப் பிரித்தான், பிறகு ஒரு வரி, பிறகு உதட்டைக் குவித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பான். பட்டறை அமைதியாக இருந்தது. சளி துப்பினால் லேசாக நீலம் தெரியும். கழுவி வடித்து எடுக்கலாமா என்று ஒருநாள் யோசித்தேன், அருவருப்பாக இருந்ததால் விட்டுவிட்டேன். எனக்கும் ஒரு வரம்பு உண்டு.

"என்னங்க, படி ஏற முடியாம நடுவுல உக்காந்துடுறான். ஜன்னலையாவது திறந்து விடுங்களேன்" என்று என் மனைவி கேட்டாள்.

"டாக்டர்கிட்டயே கூட்டிட்டுப் போறேன், போதுமா?" என்றேன். சொன்னபடியே கூட்டிக்கொண்டும் போனேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

டாக்டர் அம்மா அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார். கல்தூசி நுரையீரலில் படிந்திருக்கிறது, இன்றோடு அந்த வேலையை நிறுத்த வேண்டும், இன்னும் ஒரு வருஷம் இடித்தால் ஆள் தேறமாட்டான் என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

இங்கேதான் நீங்கள் என்னைத் தப்பாக நினைக்கிறீர்கள். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. இரண்டு நாள் தூங்கவில்லை. கண்காட்சிக்குப் பன்னிரண்டு கிண்ணம் ஒப்புக்கொண்டிருந்தேன், ஏழுதான் முடிந்திருந்தது. அதைக்கூட விடுங்கள். அவனை வேலையிலிருந்து நிறுத்தினால் திருட்டும் நின்றுவிடும். அப்புறம் அதை எப்படி நிரூபிப்பது? ஐந்து வருஷ உழைப்பு வீணாகிவிடும். அக்காவிடமும் தம்பியிடமும் வெறும் சளி என்று சொன்னேன். தராசின் ஒரு கால் கொஞ்ச நாளாகவே ஆடிக்கொண்டிருந்தது. சீட்டை நாலாக மடித்து அதற்கு அடியில் கொடுத்தேன், சரியாக நின்றது. பதினோரு மாதம் கழித்து, அவன் போன பிறகு, பட்டறையைக் கூட்டும்போது என் மனைவி அதை எடுத்துப் படித்திருக்கிறாள். உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தது அவள்தான் என்று எனக்குத் தெரியும். கோபம் எல்லாம் இல்லை. அதை எடுத்ததிலிருந்து தராசுதான் மறுபடி ஆடுகிறது.

பன்னிரண்டு கிண்ணமும் முடிந்தது. பன்னிரண்டாவது கிண்ணத்துக்கான மாவைச் சலித்துக்கொண்டிருந்தபோது அவன் சல்லடையோடு சாய்ந்தான். நல்லவேளை, கீழே விரிப்பு இருந்தது, ஒன்றும் சிந்தவில்லை.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வரச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்றுதான் பேசினான்.

"மாமா... அக்கா மேல சத்தியமா... நான் ஒரு சிட்டிகை எடுத்ததில்லை."

சாகிற நேரத்திலும் இப்படிச் சொல்கிறானே என்று எனக்கு மனசு கசந்தது. அப்போது அதே டாக்டர் அம்மா எங்களை வெளியே கூப்பிட்டு, எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டு நுரையீரலிலும் மேலிருந்து கீழ்வரை பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். அவ்வளவு சீராக நானே தூவியிருக்க முடியாது. என் மனைவி சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். நான் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எக்ஸ்ரேயில் நிறம் தெரியாதுதான், ஆனால் என் மாவை எனக்கு அடையாளம் தெரியாதா? வாரத்துக்கு மூன்று கிராம், ஆறு வருஷம். மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தேன், ஒரு கிலோவை நெருங்கியது. என் சந்தேகம் ஒரு நாளும் தப்பாகப் போனதில்லை.

திரும்ப உள்ளே போய் அவன் தலைமாட்டில் உட்கார்ந்தேன். நெற்றியைத் தடவிக் கொடுத்தேன். குரலை உயர்த்தாமல், பிரியமாகத்தான் சொன்னேன்.

"எடுத்திருக்கேடா. இப்பதான் படத்துல பார்த்தேன். போகட்டும், நான் மன்னிச்சுட்டேன்."

அவன் வாயைத் திறந்து திறந்து மூடினான். மறுத்துச் சொல்ல மூச்சு இல்லை. அவன் ஒப்புக்கொண்டான் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.