பேசினால் பறந்துடும்

ஜப்பான்காரன் காலத்தில் ஒருநாள் காலை, மலாயாவின் கிள்ளானில் ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ரப்பர் தோட்டத்துப் பெண்கள் இருவர். இளையவள் திடீரென்று சொன்னாள்:

“அந்த நாரைங்க பறந்தே போயிருக்கலாம்க்கா.”

“எந்த நாரை?”

“ஆத்து வாயில, சேத்துக்காட்டுல. பால்வெட்டு நின்னு போய் எங்க வீட்டுக்காரரு சும்மாதானே இருந்தாரு? நாரை, நீர்நாய் எல்லாம் காட்டுறேன் வான்னு ஒரு நாள் கூட்டிட்டுப் போனாரு.”

“நல்லதுதானே?”

“பேசினா பறந்துடும்னு உதட்டுல விரலை வச்சுக் காட்டினாரு. ஏதாச்சும் கண்ணுல பட்டா என் கையை அழுத்துவாரு, அவ்வளவுதான் பேச்சு. நீர்நாய் ஒண்ணு குட்டிங்களோட கரையேறுச்சு. அதைப் பார்த்துச் சிரிச்சாரு பாருங்க, அப்பவே சொல்லியிருக்கணும்.”

“என்னன்னு?”

“பிள்ளை உண்டாகியிருக்கேன்னு. வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கலாம்னு வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன். திரும்பி வந்தா தோட்டத்து வாசல்லயே ஜப்பான்காரன் லோரி நிக்குது. சயாம்ல ரயில் பாதை போடன்னு அவரையும் புடிச்சு ஏத்திட்டாங்க.”

வரிசை ஓரடி நகர்ந்தது. மூத்தவள் அவளைத் தனக்கு முன்னால் விட்டாள்.

“லோரி கிளம்புறதுக்குள்ள கத்தியாவது சொல்லியிருக்கலாமேம்மா.”

“கத்தத்தான் வாயைத் தொறந்தேன்க்கா. பக்கத்துல துப்பாக்கியோட நிக்கிறான். எங்கே என்னை அடிச்சுடுவானோன்னு, அவரு மேலேயிருந்து உதட்டுல விரலை வச்சுக் காட்டினாரு. சேத்துக்காட்டுல காட்டின மாதிரியே.”