ஒரு விரல் ஸ்டீயரிங்

...கை தட்டுவதற்கு நமக்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம், தோழிகளே. யாராவது ஒரு காரியத்தைச் சுலபமாகச் செய்து காட்டினால் போதும். நான் சொல்வது பொய்யா? சரி... என்னிடம் ஒரு ஜீப்புக் கதை இருக்கிறது. சின்னதுதான். மணி அடிப்பதற்குள் முடித்துவிடுவேன்.

மலையடிவாரத்தில் ஒரு ஜீப் ஸ்டாண்டு. மேலே குதிரைவால் மேடு என்று ஒரு ஊர். அங்கே பேருந்து போகாது. கல்லும் பள்ளமுமான பாதையில் ஜீப் மட்டும்தான் ஏறும். அந்த ஸ்டாண்டில் சிங்கராசு என்று ஒரு டிரைவர் இருந்தார். அவருக்கு ஓர் ஆசை வந்தது. என்ன ஆசை? நல்ல பிரேக் போடலாம் என்றா? சீட்டு கிழிந்திருக்கிறதே, தைக்கலாம் என்றா? இல்லை... மற்ற ஜீப்புகளைவிடத் தன் ஜீப் பெரிதாகத் தெரிய வேண்டும்! தடித்தடியாக நான்கு டயர் வாங்கி மாட்டினார். ஜீப் பெரிதாகத்தான் தெரிந்தது. ஆனால் ஸ்டீயரிங்தான் திரும்பவில்லை.

டயரைக் கழற்றினாரா? கழற்றுவாரா அவர்! "ஹைட்ராலிக் வச்சிருவோம்டா மாப்ளே" என்றார் மச்சான் ஒச்சப்பனிடம். இன்ஜின் ஓடும்போது ஒரு பம்பு எண்ணெயை அழுத்தும். அந்த எண்ணெய் ஓஸ் பைப் வழியாகப் போய், சக்கரங்களைத் திருப்பும் தண்டைத் தள்ளும். நம் கை செய்கிற வேலையை எண்ணெய் செய்யும். நல்ல ஏற்பாடுதான். ஏற்பாட்டின் மேல் எனக்குக் கோபம் இல்லை.

மச்சானும் மாமனும் சேர்ந்து மாட்டினார்கள். ஒச்சப்பன் ஓஸைக் கொஞ்சம் நீளமாக, தொங்கலாக விட்டார்.

"என்னடா இது, ஆட்டுக்குடல் சரிஞ்ச மாதிரி தொங்குது? பாக்கவே அசிங்கமா இருக்கு. வெட்டி இழுத்துக் கட்டு!"

"மாமா, சக்கரம் பள்ளத்துல எறங்குனா ஓஸும் கூட எறங்கணும்ல? தொங்கல் வேணும்."

"எனக்கு ஓட்டச் சொல்லித் தரியா நீயி? வெட்டுறா!"

வெட்டினார்கள். கம்பி போல விறைப்பாகக் கட்டினார்கள். அழகாகத்தான் இருந்தது!

பிறகு திருவிழா. ஜீப்புக்கு மாலை. சந்தனம். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். எங்கே? ஸ்டாண்டில்... தரை சிமெண்டு போட்டது மாதிரி சமமாக இருக்கிற இடத்தில்! சிங்கராசு சுண்டுவிரலை நீட்டி ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் சுழற்றினார், அந்தப் பக்கம் சுழற்றினார். "பாத்துக்கங்கப்பா... ஒரு விரலு! ஒத்த விரலு!" எல்லோரும் கை தட்டினார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, மேலே போக ஜீப்புக்குக் காத்திருந்த அங்கயற்கண்ணியும் கை தட்டினாள்.

"தாயி, ஒனக்கு எப்ப பரீட்சை?"

"நாளைக்குண்ணே. வேதியியல்."

"காலையில நானே மேல வந்து கூட்டிட்டுப் போறேன். முதல் சவாரி ஒனக்குத்தான். ஊஞ்சல்ல வர மாதிரி வரலாம்."

அவள் பன்னிரண்டாம் வகுப்பு. அந்த ஊரிலிருந்து அத்தனை தூரம் படித்து வந்தவள் அவள் ஒருத்திதான். நர்சிங் சேர வேண்டும் என்று இருந்தாள்.

காலையில் ஜீப் மேலே ஏறியது. ஒவ்வொரு பள்ளத்திலும் ஓஸ் இழுபட்டது... தாங்கிக்கொண்டது. அங்கயற்கண்ணியை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு இறங்கினார். பாதி வழியில் முன் சக்கரம் ஒரு பெரிய பள்ளத்தில் இறங்கியது. சக்கரம் இறங்கினால் அதோடு அச்சும் இறங்குமா இல்லையா? இறங்கியது. ஓஸ் எங்கே இறங்கும்? அதைத்தான் அழகாகக் கட்டியாயிற்றே! பட்டென்று பிடுங்கிக்கொண்டது. எண்ணெய் முழுவதும் கல்லில் கொட்டியது.

சிங்கராசு ஒரு விரலால் திருப்பினார். அசையவில்லை. இரண்டு கையாலும் திருப்பினார். மண்ணில் ஊன்றிய அம்மி மாதிரி இருந்தது.

"அண்ணே, ஒத்த விரலு போதும்னீங்களே?"

"வாய் பேசாத தாயி! அந்தப் பக்கம் பிடி... இழு! இன்னும் இழு!"

முன்னால் கொண்டை ஊசி வளைவு. கீழே பள்ளத்தாக்கு. வேறு ஜீப்புக்குக் காத்திருந்தால் பரீட்சை போய்விடும். அவள் புத்தகத்தைக் காலடியில் போட்டுவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். ஒவ்வொரு வளைவிலும் அவர் தள்ள, அவள் இழுக்க... அவள் தள்ள, அவர் இழுக்க... அப்படியே அடிவாரம் வரைக்கும்.

கேட் மூடுவதற்குள் போய்விட்டாள். வினாத்தாளை வாங்கினாள். எல்லாம் தெரிந்த கேள்விகள்! ஆனால் கையில் பேனா நிற்கவில்லை. உள்ளங்கை முழுவதும் கொப்புளம். சின்னக் கேள்விகளை எப்படியோ எழுதினாள். பெரிய கேள்விகளுக்கு வந்தபோது கை மடங்கவே இல்லை. பதில் தலையில் இருந்தது, தாள் வெள்ளையாக இருந்தது. அப்படியே எழுந்து வந்தாள். தேறினாள். நர்சிங்குக்கு அந்த மதிப்பெண் போதவில்லை.

ஸ்டாண்டில் கேட்டார்கள், "என்னண்ணே ஆச்சு?"

சிங்கராசு என்ன சொன்னார் தெரியுமா? ஜீப்பின் மாலையைச் சரி செய்துகொண்டே சொன்னார்: "வண்டி சூப்பரு. ரோடுதான் சரியில்லப்பா."

ஒச்சப்பன் கேட்டார், "மலையில ரோடு சரியா இருந்தா ஒனக்கு ஜீப்பே எதுக்கு மாமா?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்... ஆனால் சிங்கராசு ஸ்டாண்டில் மட்டும்தான் இருக்கிறாரா? சமதரையில் செய்து காட்டுகிறவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! மழை வராத மாதத்தில் வடிகாலைத் திறந்து வைக்கிறவர்கள் இல்லையா? ஆய்வுக்கு ஆள் வரும் அன்று மட்டும் தண்ணீர் வருகிற குழாய்கள் இல்லையா? தெரிந்த கேள்விக்கு மட்டும் கையைத் தூக்குகிற நாம் இல்லையா? எல்லாம் அழகாக, விறைப்பாக, இழுத்துக் கட்டியது. ஒரு பள்ளம் வந்தால் பட்டென்று போய்விடும். போன பிறகு, ரோடு சரியில்லை!

அதனால் சொல்கிறேன்... அடுத்த முறை யாராவது உங்கள் முன்னால் வந்து, "ஒத்த விரலு" என்று சுழற்றிக் காட்டினால், உடனே கை தட்டிவிடாதீர்கள். "பள்ளத்தில் இறக்கிக் காட்டுங்கள், பார்க்கலாம்" என்று கேளுங்கள். கேட்காமல் கை தட்டினால் என்ன ஆகும்?

கொப்புளம் சிங்கராசு கையில் வரவில்லை, தோழிகளே. கை தட்டினவள் கையில்தான் வந்தது.