பத்து வருஷத்துப் பத்து லட்சம்

கட்டுமாவடியிலிருந்து அறந்தாங்கி போகும் பஸ்ஸில், காலி மீன்கூடையோடு இரண்டு பெண்கள் எனக்கு முன்சீட்டில் இருந்தார்கள். கூடை காலில் இடிக்கிறதென்று சண்டைக்குக் கிளம்பியவன், மூத்தவளின் பேச்சைக் கேட்டு அடங்கிவிட்டேன்.

“பத்து வருஷம் கழிச்சு வர்ற பத்து லட்சம், இன்னைக்கு மூணேகால் லட்சம்தான்டி.”

“என்னக்கா சொல்றீங்க?”

“எங்க வீட்டு மொய் விருந்துல நாலு லட்சம் மொய் வந்துச்சுல்ல. அதுக்கு பிளாட் வாங்கிப் போட்டா பத்து வருஷத்துல பத்து லட்சமாகும்னு என் கொழுந்தன் குதிச்சாரு. மகளிர் குழுவுல நாம கடன் வாங்குறோமே, நூத்துக்கு மாசம் ஒரு ரூவா வட்டி, அதை வச்சு அந்தப் பத்து லட்சத்துல இருந்து ஒவ்வொரு வருஷ வட்டியாக் கழிச்சேன். போட்ட நாலு லட்சமே தேறல.”

“நீங்க சொன்ன ஐஸ் மெஷினு?”

“அதுவும் நாலு லட்சம். செலவு போக வருஷம் ஒண்ணேகால் லட்சம், அஞ்சு வருஷம் வரும். அதையும் அப்படியே கழிச்சேன். முதல் போக அம்பதாயிரம் நிக்குது. வாங்கிட்டேன்!”

“கொழுந்தன் என்ன சொன்னாரு?”

“நேத்து வந்து, மெஷின்ல எனக்கும் பங்கு உண்டா அண்ணின்னாரு.”

“நீங்க?”

“பங்கு இல்ல தம்பி, வேலை இருக்குன்னேன்.”