காலைத் தூக்கச் சொன்னபோது

எனக்குப் பதினைந்து வயது ஏழு மாதம். பத்தாம் வகுப்பு படிக்கிறேன். எனக்கும் காயம்பட்ட பெண்ணுக்கும் பதினெட்டு வயது ஆகாததால், எங்கள் பெயரும் முகவரியும் வேறொரு தாளில் உறையிட்டு வைக்கப்படும் என்றும், இந்தத் தாளில் பயிற்சிக் கூடத்தில் எங்களைக் கூப்பிடுகிறபடியே எழுதலாம் என்றும் உதவி ஆய்வாளர் அம்மா சொன்னார். அங்கே அவளை வெட்டுக்கிளி என்பார்கள். என்னைப் புரொபசர் என்பார்கள். முதலில் நான் சொல்லச் சொல்ல ஒரு காவலர் எழுதினார். நான் தசைநார் என்று சொன்ன இடத்தில் அவர் தசை என்று எழுதினார். இரண்டும் வேறு வேறு, நடந்ததே அந்த வித்தியாசத்தால்தான் என்று சொன்னேன். அதன் பிறகு என்னையே எழுத அனுமதித்தார்கள்.

நானும் அம்மாவும் ஆறு வருடமாக மாமா வீட்டில் இருக்கிறோம். மாமா என் அம்மாவின் அண்ணன். வீட்டின் கீழ்த்தளம் முழுவதும் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சிக் கூடம். அதை நடத்துபவரும் அதன் பயிற்சியாளரும் அவரே. அம்மா கூடத்தைப் பெருக்கி, மெத்தைகளைத் துடைத்து, மாமாவுக்குச் சமைக்கிறார். நானும் ஒரு வருடம் பயிற்சி செய்தேன். என் உடம்பு வளையவில்லை. "இவ முதுகுல ஸ்கேல வச்சுத் தச்சு அனுப்பியிருக்காங்க" என்று மாமா எல்லோர் முன்னாலும் சொன்னார். அதன் பிறகு என்னைப் பாரமாக வைத்துக்கொண்டார்.

பாரம் என்பது இதுதான். ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நேராக நீட்டித் தரையோடு உட்காரும் பயிற்சி ஒன்று உண்டு. அது சுலபமாக வந்துவிட்டால், முன்காலின் குதிகாலை ஒரு சாண் உயர மரக்கட்டையின் மேல் வைக்கச் சொல்வார். அப்போது இடுப்புக்கும் கட்டைக்கும் நடுவே முழங்கால் அந்தரத்தில் நிற்கும், இரண்டு செங்கல்லின் மேல் வைத்த பலகையைப் போல. எடை குறைந்த ஒரு பெண் அந்த முழங்காலை ஒட்டி, தொடையின் மேல் உட்கார வேண்டும். கீழே இருப்பவளின் தொடை நடுங்கும். நடுங்கும்போது எண்ணக் கூடாது. நடுக்கம் நின்றால் கால் திறந்துவிட்டது என்று கூடத்தில் சொல்வார்கள். அதற்குப் பிறகுதான் ஒன்றிலிருந்து நூறு வரை எண்ண வேண்டும். மாமாவுக்கு அவருடைய பயிற்சியாளர் அப்படிச் சொல்லிக்கொடுத்தாராம். மாமா சொல்லாமல் பாரம் எழுந்திருக்கக் கூடாது. என் எடை முப்பத்தெட்டு கிலோ.

மூன்று மாதத்துக்கு முன் பள்ளி நூலகத்தில் உடலின் இயக்கத்தைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துப் படித்தேன். தசை நன்றாக நீளும், விட்டால் பழைய நீளத்துக்குத் திரும்பும். எலும்போடு எலும்பைச் சேர்த்துக் கட்டியிருக்கும் தசைநார் அப்படி இல்லை. அது கொஞ்சம்தான் இடம் கொடுக்கும். எல்லை தாண்டினால் இழை இழையாகப் பிரியும், பிறகு தானாகப் பழைய நிலைக்கு வராது. தொடை நடுங்குவது, தசை தன்னை இறுக்கி மூட்டைக் காப்பாற்றப் பார்ப்பதால். நடுக்கம் நின்றால் தசை களைத்துப்போய்க் கைவிட்டது என்றும் ஆகலாம். அப்போது எடை முழுவதும் தசைநார்மேல் விழும். அதாவது, எந்த நேரத்தில் எழுந்திருக்க வேண்டுமோ அந்த நேரத்தில்தான் நாங்கள் எண்ண ஆரம்பித்துக்கொண்டிருந்தோம்.

இதை அன்று இரவுச் சாப்பாட்டின்போது மாமாவிடம் சொன்னேன். முழங்காலை விட்டு இடுப்புப் பக்கமாக உட்கார்ந்தால் தசை மட்டும் நீளும் என்றும் சொன்னேன். அவர், "புரொபசர், அந்தப் புத்தகத்த எழுதினவர வரச் சொல்லு. ஒரே ஒரு குட்டிக்கரணம் போட்டுக் காட்டட்டும்" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பரிமாறிக்கொண்டிருந்த அம்மா, மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

அதன் பிறகு நான் யாரிடமும் சொல்லாமல் ஒன்று செய்தேன். பாரமாக உட்காரும்போது இரண்டு கால் விரல்களையும் தரையில் ஊன்றிக்கொள்வேன். எடைக் கருவியை முக்காலியில் வைத்து அதேபோல் உட்கார்ந்து பார்த்தபோது பதினேழு கிலோதான் காட்டியது. வெட்டுக்கிளி மட்டும் கண்டுபிடித்துவிட்டாள். "உன் கனமெல்லாம் எங்கடி போச்சு?" என்பாள். "லீவு போட்டிருக்கு" என்பேன். மூன்று மாதம் இப்படிப் போயிற்று.

சென்ற சனிக்கிழமை மூன்று மணிக்கு மற்ற பெண்கள் போய்விட்டார்கள். அணித் தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்ததால் வெட்டுக்கிளியை மட்டும் மாமா நிறுத்திக்கொண்டார். "இடது முழங்கால் இன்னும் கொஞ்சம் மடங்குது கிளி. அந்தக் கொஞ்சத்துக்கே மார்க்க வெட்டிடுவாங்க" என்றார். அதன் பிறகு அவள் இடது குதிகாலைக் கட்டையில் வைத்தாள், நான் உட்கார்ந்தேன், அவள் தொடை நடுங்கத் தொடங்கியது. அம்மா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். மாமா முழங்காலைப் பார்ப்பதற்காகக் குனிந்தார். என் கால் விரல்களைப் பார்த்துவிட்டார்.

"என்னது இது, குருவி மாதிரி குந்தியிருக்க? காலைத் தூக்கு."

"ரொம்ப நடுங்குது மாமா."

"தூக்குன்னு சொன்னேன்."

நான் இரண்டு காலையும் தூக்கினேன். அதன் பிறகு மாமா எனக்குப் பின்னால் வந்து, என் தோள்களில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தார். சும்மா வைத்தாரா, அழுத்தினாரா என்று உதவி ஆய்வாளர் அம்மா கேட்டார். அழுத்தினார். நான் நிமிரப் பார்த்தேன், முடியவில்லை. என் முதுகு வளைந்தது, அது சுலபமாக வளையும் முதுகு அல்ல.

வெட்டுக்கிளி "எழுந்திருடி" என்று இரண்டு தடவை சொன்னாள். முதல் தடவை சாதாரணமாகச் சொன்னாள். இரண்டாம் தடவை மெதுவாகச் சொன்னாள். மேலே அவர் கை இருந்ததால் எழ முடியவில்லை. ஆனால் பக்கவாட்டில் சரிந்து விழுந்திருக்கலாம். அது எனக்கு அப்போதே தோன்றியது. அப்படிச் செய்தால் அன்று இரவு வீட்டில் எப்படி இருக்கும் என்பதும் தோன்றியது. நான் சரியவில்லை.

அதன் பிறகு நடுக்கம் நின்றது. மாமா, "திறந்துடுச்சு, எண்ணு" என்றார். நான் எண்ணினேன். முப்பத்தொன்று சொல்லும்போது எனக்குக் கீழே ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை, முருங்கைக்காயை ஒடிப்பதுபோல இருந்தது. நான் சட்டென்று கீழே இறங்கினேன். மாமா ஒரு தடவை கை தட்டி, "பாத்தியா, இறங்கிடுச்சு!" என்றார். அவர் பொய்யாகத் தட்டவில்லை, உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். வெட்டுக்கிளி கத்தவில்லை. மெத்தையின் ஓரத் தையலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் முழங்கால் போகக் கூடாத பக்கமாக வளைந்திருந்தது.

அதன் பிறகு மாமா காலை நேராக்கிப் பனிக்கட்டி வைத்து, நடந்து பார்க்கச் சொன்னார். இரண்டாவது அடியில் முழங்கால் பக்கவாட்டில் மடிந்தது. அதன் பிறகு அவர், பெண்கள் தொங்கி ஆடிப் பழகும் உயரச் சட்டத்தின் கீழே ஒரு மெத்தையை இழுத்துப் போட்டார். "சட்டத்துலருந்து வழுக்கி விழுந்தேன்னு சொல்லு கிளி. அடுத்த வருஷம் உன்ன அணியில சேக்க வேண்டியது என் பொறுப்பு" என்றார். அவள் தலையாட்டினாள். மருத்துவமனையிலும் அப்படியே சொன்னாள். விழுந்தவளின் உள்ளங்கையிலும் முழங்கையிலும் ஒரு சிராய்ப்புக்கூட இல்லையே என்று கேட்ட மருத்துவர்தான் காவல் நிலையத்துக்குத் தெரிவித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா ஒரு தாளில் ஒன்பது வரி எழுதி என்னிடம் கொடுத்தார். "நீதான் ஒரு தடவ படிச்சா போதுமே, அப்படியே ஒப்பிச்சுடுவியே" என்றார். வெட்டுக்கிளி அனுமதி இல்லாமல் சட்டத்தில் ஏறினாள் என்று அதில் இருந்தது. "அவ கால்மேல உக்காந்தது யாரு? நானா? கேஸ்னு வந்தா முதல்ல உன் பேருதான் வரும். கூடத்த மூடிட்டா நீயும் உங்கம்மாவும் பெட்டியத் தூக்கிட்டு எங்க போவீங்க? யோசிச்சுக்கோ" என்றார். யோசித்தேன். ஒன்பது வரியும் மனப்பாடம் ஆகிவிட்டது. அந்தத் தாளை இத்துடன் கொடுத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை மாலை வகுப்பு வழக்கம்போல நடந்தது. மரக்கட்டையைத் துடைத்து வைத்திருந்தார்கள். எனக்கு உடம்பு சரியில்லை என்று மாமா எல்லோரிடமும் சொல்லிவிட்டு, ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியை என் இடத்தில் உட்காரவைத்தார். நான் படியில் நின்று பார்த்தேன். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள் தானாகவே இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். இன்று மாமா என்னையும் அம்மாவையும் இங்கே வாசல்வரை கொண்டுவந்து விட்டார். அந்த ஒன்பது வரியைச் சொல்லாமல் நான் இதைச் சொன்னதற்கு அந்தப் பெண்தான் காரணம்.

எனக்கு வயது போதாததால் அம்மாவும் படித்துக் கையெழுத்திட வேண்டும் என்று உதவி ஆய்வாளர் அம்மா சொன்னார். அம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். அம்மா நின்றுகொண்டே படித்தார். ஒரு பக்கத்திலேயே வெகுநேரம் இருந்தார். அண்ணனைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்து நான் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தாளில் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இது தப்பு. அவ மூணு தடவ சொன்னா."

"ரெண்டும்மா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"முதல் தடவ உன்கிட்ட சொல்லல. அக்கா, இவள எழுந்திருக்கச் சொல்லுங்கன்னு என்னப் பாத்து சத்தமில்லாம உதட்ட மட்டும் அசச்சு சொன்னா. நான் மாடிக்குப் போகல. மெத்தைங்கள அடுக்கி வைக்கிற அறைக் கதவுக்குப் பின்னாடி நின்னுட்டிருந்தேன்."

உதவி ஆய்வாளர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். அம்மா மாடியில் இருந்தார் என்று நான் எழுதிய வரியையும், இரண்டு தடவை என்று எழுதியதையும் அடித்துத் திருத்தலாமா என்று கேட்டேன். அடிக்க வேண்டாம், அது நீ நினைத்தது, அப்படியே இருக்கட்டும் என்றார். அதன் பிறகு அம்மா நாற்காலியை இழுத்து, இங்கே வந்ததிலிருந்து முதல் தடவையாக உட்கார்ந்தார். "எனக்கும் ஒரு தாள் குடுங்க" என்றார்.

இதில் உள்ளது எல்லாம் நான் கண்டதும் கேட்டதும் செய்ததும் செய்யாமல் விட்டதும்தான். என்னை யாரும் வற்புறுத்தவில்லை. அம்மா இருந்த இடத்தையும் தடவைக் கணக்கையும் தவிர மற்றவை சரி என்று படித்துப் பார்த்து ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) மாணவி

(ஒப்பம்) மாணவியின் தாய், கதவுக்குப் பின்னால் நின்றவர் என்று அவரே எழுதச் சொன்னபடி