புத்துமண் தின்ற லாரி

புளியங்குடி பஸ் சங்கரன்கோவிலில் நின்றுகொண்டிருந்தது. முன்சீட்டில் இருந்த லாரி டிரைவரின் மடியில், இஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டுகிற புது ஏர் கிளீனர்கள் இரண்டு இருந்தன; ஒன்று வலை வைத்தது, மற்றது எண்ணெய் வைத்தது. பக்கத்தில் மெக்கானிக்.

“பழசுக்குள்ள அவ்வளவு மண்ணு எப்படி வே வந்துச்சு?”

“வண்டி இருமிக்கிட்டே கெடந்துச்சு அண்ணாச்சி. சீக்குக்குத் திங்கிற கோயில் புத்துமண்ணு, தினம் ஒரு சிட்டிகை அதுக்குள்ள போட்டேன்.”

“மண்ணு போனா இஞ்சின் செத்துரும் வே! வலை வச்சது வேண்டாம், எண்ணெய் வச்சதை மாட்டுவோம். தூசியெல்லாம் எண்ணெயிலயே தங்கிரும்.”

“புத்துமண்ணுமா?”

“அதுவுந்தான்.”

பஸ் நகர்ந்தது. ஆடிக்காற்றில் கோபுரம் புழுதிக்குள் மிதந்துகொண்டே பின்னால் போயிற்று. டிரைவர் அதையே பார்த்திருந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்த புத்துமண் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

“எண்ணெய் வச்சதையே மாட்டுங்க அண்ணாச்சி. மண்ணை நான் தின்னுக்கிடுதேன். பால்குடிப் பிள்ளைக்குச் சீக்குன்னா, தாய்தான மருந்து திங்கணும்?”