பதினான்காவது ஓட்டம்

சத்தியநேசன் ஐயா எனக்குத் தரவேண்டியிருந்தது ஆறு ரூபாய் எட்டணா. காசுக்காக நான் அதைச் செய்யவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசு விஷயத்தில் நான் யாரையும் நெருக்குகிறவன் இல்லை. பேட்டைக் கடைத்தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

என் பெயர் பூதத்தான். பேட்டைக்கு மேற்கே ரோடு தண்டவாளத்தைத் தாண்டுகிற இடத்தில் பதினோரு வருஷமாகக் கேட் பார்க்கிறேன். கேட் என்றால் கதவு கிடையாது. இரண்டு பக்கமும் ரோட்டுக்குக் குறுக்கே நெஞ்சுயரத்தில் ஒரு சங்கிலி. ரயில் வருமுன் சங்கிலியைப் பூட்டி, நடுவில் சிவப்புத் தகட்டை மாட்ட வேண்டும். இந்த விதிகள் அச்சடித்த பலகை என் குடிசைச் சுவரில் தொங்குகிறது. எழுத்துத் தெரியாத காலத்தில் அதை ஏதோ மந்திரம் என்று நினைத்து, வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சளும் குங்குமமும் வைத்துவந்தேன். நாற்பத்திரண்டு வயதில் மிஷன் வகுப்பில் இன்பமணி அம்மாள் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். பிறகுதான் குங்குமத்தைச் சுரண்டிவிட்டு வாசித்தேன். மொத்தம் ஒன்பது விதி.

சத்தியநேசன் ஐயா பாளையங்கோட்டையில் ஜவுளி வியாபாரம் செய்தவர். சீமையிலிருந்து தூத்துக்குடிக்குக் கப்பலில் ஒரு மோட்டார் சைக்கிள் வரவழைத்தார். இரட்டை எஞ்சின், தோல் பெல்ட்டு, பித்தளை விளக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சாப்பிட்டு எழுந்ததும், பேட்டையிலிருந்து என் கேட் வரைக்கும் செங்கோட்டை ரயிலோடு பந்தயம் ஓடுவார். கேட்டுக்கு அந்தப் பக்கம் உடைமர நிழலில் ஏழெட்டுப் பேர் காத்திருப்பார்கள். வக்கீல் குமாஸ்தா சிவசண்முகம் பிள்ளை கையில் கடிகாரம் இருக்கும்.

ரயில் வருமுன் நான் சங்கிலி போட்டால் பந்தயமே கிடையாது. அவர் தாண்டும்வரை போடாமல் நிற்க, ஓட்டத்துக்கு எட்டணா என்று அவரே பேசினார். பதின்மூன்று ஓட்டமும் அவரே ஜெயித்தார். காசைக் கேட்டால் சிரிப்பார்.

“மொத்தமா தாரேம்லே. நான் எங்க ஓடிப்போறேன்?”

அந்த மோட்டாரை நானும் பார்த்துக்கொண்டே இருப்பேன், மறைக்கவில்லை. ஓடும்போதே முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பம்பைக் கையால் அழுத்தி எஞ்சினுக்கு எண்ணெய் விட வேண்டும். ஒற்றைப் பனையைத் தாண்டியதும் அவர் தலையைக் குனிந்து அழுத்துவார். பதின்மூன்று தடவையும் அதே இடம். நிமிரும்போது கேட் வந்திருக்கும்.

பதின்மூன்றாவது ஓட்டம் முடிந்து அவர்கள் மரத்தடியில் சோடா குடித்தார்கள்.

“நாப்பத்தெட்டு மைல் வேகம்வே. ரயிலுக்கே மூச்சு வாங்குது,” என்றார் சிவசண்முகம் பிள்ளை.

“ஜெயத்துல பாதி எஞ்சினுக்கு, பாதி பெல்ட்டுக்கு,” என்றார் ஐயா.

“அப்ப ஒமக்கு ஒண்ணுமில்லையா?”

“நான் ஒக்காந்திருக்கேன்லா.”

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் என்னைக் காட்டி, “அவனுக்கு என்ன பங்கு?” என்றார்.

“அவன் என்ன செய்யுதான், சும்மால்லா நிக்கான்,” என்றார் பிள்ளை. ஐயா அதற்கும் சிரித்தார்.

எனக்குக் கோபம் வரவில்லை. சும்மா நிற்காமல் இருந்தால் எப்படியிருக்கும் என்று ஒரு தடவை காட்டலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

வெள்ளையடித்திருந்த சங்கிலிக்கு அந்த வாரம் தார் பூசினேன். இரும்புக்கு அது நல்லது. அடுத்த ஞாயிறு விதிப்படி ஐந்து நிமிஷம் முன்னால் அவர் வரும் பக்கத்துச் சங்கிலியைப் பூட்டினேன். சிவப்புத் தகடு குடிசைக்குள் பானைக்குப் பின்னால் இருந்தது. நான்தான் வைத்திருந்தேன்.

அவர் பனையைத் தாண்டினார். குனிந்தார்.

மோட்டார் சங்கிலிக்கு அடியில் புகுந்து, தண்டவாளம் தாண்டி, வாய்க்கால் வரப்பில் போய்ச் சாய்ந்தது. ரயிலுக்கு முன்னால்தான். அந்த ஓட்டத்திலும் மோட்டாருக்குத்தான் ஜெயம். நிழலில் நின்றவர்கள் அத்தனை பேரும் மோட்டாரிடம் ஓடினார்கள். எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்கத் தெரியாமல் ஆளுக்கொரு திருகைத் திருகினார்கள். சங்கிலிக்கு முன்னால் ரோட்டில் கிடந்த அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குள் நான் தகட்டை எடுத்துவந்து சங்கிலியின் நடுவில் மாட்டினேன். ரயிலுக்குப் பச்சைக் கொடி காட்டினேன். நேரத்துக்குப் போயிற்று.

விசாரித்த அதிகாரி மாட்டியிருந்த தகட்டைப் பார்த்தார். காகிதத்தில், ‘காவல்காரன் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறான்’ என்று எழுதினார். கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். நான் வாசித்துப் பார்த்தேன். என் பெயர் எங்கும் இல்லை. காவல்காரன் என்றால் எந்தக் காவல்காரன்? இதை என் கையாலேயே எழுதுவது அதனால்தான். பெருமைக்காக இல்லை.

போன புதன்கிழமை ஐயாவின் தாயார் சாரம்மாள் மாட்டுவண்டியில் வந்தார். மகனுடைய டைரியைக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தேதி, நேரம், பக்கத்தில் ‘பூதத்தான், எட்டணா’ என்று ஐயா எழுதியிருந்தார். நானே வாசித்தேன். மொத்தம் பதினான்கு வரி. கடைசி வரியை அன்று காலையிலேயே எழுதிவைத்திருக்கிறார். நேரம் மட்டும் போடவில்லை.

“எம்புள்ள கடனோட போகக்கூடாதுய்யா,” என்று ஏழு ரூபாயை என் கையில் வைத்தார்.

நான் எண்ணிப் பார்த்து எட்டணாவைத் திருப்பிக் கொடுத்தேன். பதினான்காவது ஓட்டத்தில் ஐயா கேட்டைத் தாண்டவில்லை. செய்யாத வேலைக்குக் கூலி வாங்குகிறவன் இல்லை நான்.